மூன்று ராஸ்பெர்ரி பை, ஒரு நேர்சாலை, இரண்டு பணிகள்: பல்முகவர் அமைப்பு ஒன்றைக் கட்டிப் பார்த்த பதிவு

தாமே முடிவெடுக்கும் பல நிரல்கள் (முகவர்கள்) சேர்ந்து வேலை செய்யும் பல்முகவர் அமைப்புகளைப் பற்றிப் பாடநூல்களில் படிக்கும்போது தன்னாட்சி, நோக்கம், பேரம், கூட்டுறவு என்று பெரிய சொற்களே முதலில் கண்ணில் படுகின்றன. ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று எட்டிப் பார்க்க முடியாத தனித்தனிக் கணினிகளில் சில நிரல்களை ஓடவிட்டு, அவை செய்திகளை மட்டும் பரிமாறிக்கொண்டு ஒரு வேலையை முடிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்துப் பார்த்தால், அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருக்கும் உண்மையான சிக்கல் என்னவென்று விரைவிலேயே தெரிந்துவிடும். ஒரு முகவர் ‘செய்கிறேன்’ என்று சொல்லும் நொடிக்கும் ‘சரி, நீயே செய்’ என்ற பதில் அதற்கு வந்து சேரும் நொடிக்கும் இடையில் உலகம் மாறிவிடுகிறது. அந்த இடைவெளியை எப்படிக் கையாள்வது என்பதைப் பார்ப்பதற்காகவே இந்தச் சிறிய அமைப்பைக் கட்டினேன்.

கருவிகள் எளியவை. ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினிப் பலகைகள் மூன்று, ஒரு பழைய மடிக்கணினி, வீட்டு வைஃபை. ஒவ்வொரு பலகையும் ஒரு வண்டி. வண்டிகள் நிரலுக்குள் மட்டுமே ஓடுகின்றன, சக்கரம் எதுவும் கிடையாது. சாலை 0 முதல் 20 வரை எண்ணிட்ட ஒரே நேர்கோடு. அ வண்டி 5ஆம் எண்ணிலும், ஆ வண்டி 12ஆம் எண்ணிலும், இ வண்டி 19ஆம் எண்ணிலும் நிற்கின்றன. மடிக்கணினியில் இரண்டு மேலாளர் முகவர்கள் தனித்தனி நிரல்களாக ஓடுகின்றன. ஒன்றின் கையில் 3ஆம் எண்ணில் முடிக்க வேண்டிய பணியும், மற்றதன் கையில் 8ஆம் எண்ணில் முடிக்க வேண்டிய பணியும் இருக்கின்றன. செலவு என்பது வண்டி ஓட வேண்டிய தூரம்தான். இரு பரிமாணக் கட்டம் வைத்திருக்கலாம். ஆனால் நிரல் தரும் விடை சரியா என்று மனக்கணக்கிலேயே சரிபார்க்கும்படி இருக்க வேண்டும் என்பதால் நேர்கோட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

செய்திப் போக்குவரத்துக்கு எம்.க்யூ.டி.டி. நெறிமுறையையும் மாஸ்கிட்டோ என்ற இடைத்தரகு நிரலையும் எடுத்துக்கொண்டேன். இதில் ஒரு ‘தலைப்பில்’ அனுப்பும் செய்தியை, அந்தத் தலைப்பைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத் தரகு சேர்க்கும். மாஸ்கிட்டோவின் 2.0 பதிப்பு முதல், அமைவுக் கோப்பில் தனியாகச் சொல்லாவிட்டால் அது தான் ஓடும் கணினியிலிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே ஏற்கும். 1883 என்ற எண்ணுள்ள இணைப்பு வாயிலை (போர்ட்) வெளியே திறந்து வைக்கும் வரியையும், கடவுச்சொல் இல்லாத இணைப்புகளை அனுமதிக்கும் வரியையும் சேர்த்த பிறகே பலகைகள் உள்ளே வர முடியும். இரண்டாவது வரி வீட்டு வலையமைப்புக்குச் சரி, வேறெங்கும் வேண்டாம். எம்.க்யூ.டி.டி.க்கான பைத்தான் நூலகமான பாஹோவிலும் 2.0 பதிப்பில் ஒரு மாற்றம் உண்டு: செய்தி வந்ததும் நம் செயற்கூறை நூலகம் அழைக்கும் ‘மறு அழைப்பு’ முறையில் எந்தப் பதிப்பு வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகள் பல அதைச் சொல்லாததால் பிழையோடு நின்றுவிடக்கூடும்.

எம்.க்யூ.டி.டி. தலைப்புகள் யுனிகோடில் இருக்கலாம் என்பதால் ‘பணி/அழைப்பு’, ‘வண்டி/அ/அஞ்சல்’ என்று தமிழிலேயே பெயர் வைத்தேன். அதில் எந்தச் சிக்கலும் எழவில்லை. செய்தியின் தரவை எழுத்து வடிவமாக்கும் பைத்தானின் ஜேசன் நூலகம் மட்டும், இயல்பு நிலையில், தமிழ் எழுத்துகளை யுனிகோடு எண்களாக மாற்றி எழுதிவிடும். வரும் செய்திகளைத் திரையில் கண்ணால் படித்துப் பிழை தேட வேண்டுமென்றால் அந்த மாற்றத்தை அணைத்துவிடுவது நல்லது.

முகவர் என்று சொல்லத் தகுந்த ஒன்றின் உள்ளமைப்பில் நான் கண்டிப்பாக வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான். வலையிலிருந்து செய்தி வந்ததும் அழைக்கப்படும் செயற்கூறு, அந்தச் செய்தியை ஒரு வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும். முடிவெடுப்பது, காத்திருப்பது, வண்டியை நகர்த்துவது எல்லாம் வேறொரு சுழற்சியில் நடக்க வேண்டும். பாஹோவில் அந்த மறு அழைப்பு வலைத்தொடர்பைக் கவனிக்கும் அதே இழையில் (நிரலின் ஒரே செயலோட்டத்தில்) ஓடுவதால், அதற்குள் ஐந்து நொடி தூங்கினால் அந்த ஐந்து நொடியும் முகவருக்குக் காது கேட்காது, உயிரோடிருப்பதைச் சொல்லும் துடிப்புச் செய்திகூடப் போகாது. 1973இல் கார்ல் ஹியூவிட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் முன்வைத்த ‘ஆக்டர்’ மாதிரி இங்கேதான் பொருள் தருகிறது: தனக்கென்று நிலை, செய்திகளால் மட்டுமே உறவு, செய்திகளை ஒவ்வொன்றாகக் கையாளுதல்.

பணிகளைப் பங்கிட முதலில் கட்டியது கரும்பலகை என்ற முறை. இந்தத் துறையின் தொடக்ககால அமைப்புகளில் ஒன்றான ஹியர்சே-2, 1970களில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் பேச்சைப் புரிந்துகொள்வதற்காக உருவானது. அந்தக் குழுவை வழிநடத்திய ராஜ் ரெட்டி, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்; பின்னர் 1994ஆம் ஆண்டின் டூரிங் விருதை எட்வர்ட் ஃபைகன்பாமுடன் பகிர்ந்துகொண்டவர். ஒலியை அறிந்த கூறு, அசையை அறிந்த கூறு, சொல்லை அறிந்த கூறு, இலக்கணத்தை அறிந்த கூறு என்று பல அறிவு மூலங்கள் ஒரு பொதுப் பலகையில் தங்கள் ஊகங்களை எழுதும். ஒன்று எழுதியதைப் பார்த்து மற்றொன்று மேற்கொண்டு எழுதும். ஒருவரையொருவர் அவை நேரடியாக அழைப்பதில்லை.

எம்.க்யூ.டி.டி.யில் ஒரு தலைப்பின் கடைசிச் செய்தியைத் தரகே தக்கவைத்துக்கொள்ளும் வசதி இருப்பதால், அதையே கரும்பலகையாக்கினேன். பணி கரும்பலகையில் தோன்றும். சும்மா இருக்கும் வண்டி ‘நான் எடுத்துக்கொண்டேன்’ என்று எழுதும். மூன்று வண்டிகளும் சும்மா இருந்தபோது மூன்றும் எழுதின. கடைசியாக எழுதியவரின் பெயர் நிலைத்தது. முதலில் எழுதிய இரண்டும் தங்களுக்குத்தான் பணி என்று அதற்குள் புறப்பட்டுவிட்டன. ‘யாரும் எழுதாமல் இருந்தால் மட்டும் எழுது’ என்று ஒரே செயலாகச் சொல்லும் வழி எம்.க்யூ.டி.டி.யில் கிடையாது. ஹியர்சே-2இல் இந்தத் தொல்லை எழாமல் பார்த்துக்கொண்டது, அடுத்து எந்த அறிவு மூலம் செயல்பட வேண்டும் என்று தீர்மானித்த ஒரு திட்டமிடும் பகுதி. அதாவது பலகை பொதுவாக இருந்தாலும் சாக்கட்டி ஒருவர் கையில் இருந்தது. எனக்கு அந்த ஒருவர் வேண்டாம் என்பதால் கரும்பலகையைக் கைவிட்டேன்.

அடுத்தது ரீட் ஸ்மித் 1980இல் வெளியிட்ட ஒப்பந்த வலை நெறிமுறை. பரவிக் கிடக்கும் உணரிகளைக் கொண்டு ஒரு நிலப்பரப்பில் செல்லும் வாகனங்களைக் கண்காணிப்பதை எடுத்துக்காட்டாக வைத்து அவர் அதை விளக்கினார். நம் ஊர் அரசு அலுவலகங்களின் டெண்டர் முறையை அறிந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. மேலாளர் முகவர் பணியை அறிவித்து, எந்நேரத்துக்குள் ஒப்பந்தப்புள்ளி (சுருக்கமாகப் ‘புள்ளி’) வர வேண்டும் என்று சொல்கிறது. வண்டிகள் தங்கள் செலவைக் குறிப்பிட்டு அனுப்புகின்றன, அல்லது மறுக்கின்றன. குறைந்த தொகை குறிப்பிட்டவருக்கு ஏற்பும் மற்றவர்களுக்கு நிராகரிப்பும் போகின்றன. பணி முடிந்ததும் முடிந்தது என்றோ தோற்றது என்றோ அறிக்கை வருகிறது. முகவர் நிரல்களுக்குத் தரங்கள் வகுக்க 1996இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கப்பட்ட ஃபிபா (FIPA) அமைப்பு 2002இல் இந்த உரையாடலைத் தரமாக்கியபோது, ஒவ்வொரு செய்தியும் எந்த உரையாடலைச் சேர்ந்தது என்பதைச் சொல்லும் அடையாளத்துக்கும் இடம் வைத்தது. அந்த அடையாளம் இல்லாமல் எதையும் எழுத வேண்டாம். எம்.க்யூ.டி.டி.யின் முதல் நிலைச் சேவைத்தரம் ‘குறைந்தது ஒருமுறை’ போய்ச் சேரும் என்று மட்டுமே உறுதியளிக்கிறது. இணைப்பு சற்றுத் தடுமாறினால் அதே ஏற்புச் செய்தி இரண்டாம் முறையும் வரும். உரையாடல் அடையாளத்தைப் பார்த்து ‘இது ஏற்கெனவே கையாண்டது’ என்று ஒதுக்கத் தெரியாத வண்டி, ஒரே பணியை இருமுறை செய்யும்.

காலக்கெடுவை எப்படிச் சொல்வது என்பதும் சிறிய விஷயமன்று. ராஸ்பெர்ரி பை 4இல் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் இல்லை. மின்சாரம் போய் வந்தால், வலையிலிருந்து சரியான நேரம் கிடைக்கும் வரை, பலகை பழைய நேரத்திலேயே இருக்கும். ‘10 மணி 15 நிமிடம் 8 நொடிக்குள் அனுப்பு’ என்று அறிவித்தால், பின்தங்கிய கடிகாரம் உள்ள வண்டிக்குக் கெடு முடிய இன்னும் அரை மணி நேரம் இருப்பதாகத் தோன்றும். ஆகவே ‘2 நொடிக்குள்’ என்று கால அளவாகவே அனுப்பி, கெடு முடிந்ததா என்பதை மேலாளரின் ஒரே கடிகாரம் மட்டும் தீர்மானிக்கும்படி வைத்தேன். அதிலும் பைத்தானில் பின்னோக்கி நகராத ஓட்டக் கடிகாரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். சுவர்க் கடிகார நேரம் நடுவில் திருத்தப்பட்டால் கெடுவும் குதிக்கும்.

செய்தி எண்ணிக்கையைக் கணக்கிடுவது எளிது. மூன்று வண்டிகளும் புள்ளி அனுப்பினால் ஓர் அழைப்பு, மூன்று புள்ளிகள், ஓர் ஏற்பு, இரண்டு நிராகரிப்பு, ஒரு முடிவு என்று ஒரு பணிக்கு 8 செய்திகள். முப்பது வண்டிகளென்றால் 62. அதனால்தான் ஸ்மித்தே, யாரால் முடியும் என்று முன்பே தெரிந்தால் அவர்களுக்கு மட்டும் அறிவிப்பை அனுப்பும் வழியையும் சேர்த்து வைத்தார்.

ஒரே மேலாளர், ஒரே பணி என்றிருந்தவரை எல்லாம் அமைதியாக ஓடியது. இரண்டு மேலாளர்களும் ஒரே நேரத்தில் அறிவிக்கும்படி வைத்ததும்தான் இந்த அமைப்பைக் கட்டியதற்கான காரணம் மேலே வந்தது. 5இல் நிற்கும் அ வண்டி, 3இல் உள்ள முதல் பணிக்கு 2 என்றும், 8இல் உள்ள இரண்டாம் பணிக்கு 3 என்றும் புள்ளி அனுப்புகிறது. ஆ வண்டியின் தொகைகள் 9, 4. இ வண்டியின் தொகைகள் 16, 11. இரு பணிகளிலும் அ வண்டியே குறைந்த தொகை குறிப்பிட்டதால் இரண்டுமே அதற்குப் போகின்றன. 3க்குப் போய் முதல் பணியை முடித்துவிட்டு 8க்குத் திரும்ப மொத்தம் 7 அலகு ஆகிறது. 4 அலகில் அதை முடித்திருக்கக்கூடிய ஆ வண்டி சும்மா நிற்கிறது. அ வண்டி பொய் சொல்லவில்லை. புள்ளி அனுப்பியபோது அது சும்மாதான் இருந்தது. ஒவ்வொரு தொகையும் தனித்தனியே உண்மை, சேர்த்துப் பார்த்தால்தான் பொய்.

இதற்கு ‘ஆவல் மிகுந்த ஏலதாரர் சிக்கல்’ என்று பெயர். மிகேல் ஷில்லோ, கிறிஸ்டியன் கிரே, கிளாவுஸ் ஃபிஷர் ஆகியோர் 2002இல் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பே அது. இதை நீக்க முதலில் தோன்றும் வழி, ஒரு நேரத்தில் ஒரு புள்ளிதான் என்று வண்டியைக் கட்டிப்போடுவது. அதைச் செய்து பார்த்தால் விடை, எந்த அறிவிப்பு முந்தி வந்தது என்பதைப் பொறுத்து ஆடுகிறது. முதல் பணியின் அறிவிப்பு முந்தினால் அ வண்டிக்கு முதல் பணியும் ஆ வண்டிக்கு இரண்டாம் பணியும் கிடைத்து, மொத்தத் தூரம் 6. இரண்டாம் பணியின் அறிவிப்பு சில மில்லி நொடி முந்திவிட்டால் அ வண்டி 8க்குப் போகும், ஆ வண்டி 12இலிருந்து 3 வரை ஓடும், மொத்தம் 12. இரு மடங்குச் செலவை வைஃபை தீர்மானிக்கிறது! அது போதாதென்று, புள்ளி அனுப்பித் தோற்கும் பணிக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் வண்டி வேறெதிலும் கலந்துகொள்ளாமல் வீணாகிறது.

அந்தக் கட்டுரை முன்வைக்கும் உறுதிப்படுத்தலுடன் கூடிய ஒப்பந்த வலை இதைவிட நாகரிகமானது. இதில் ஒப்பந்தப்புள்ளி யாரையும் கட்டுப்படுத்தாது. வண்டி விரும்பிய அளவு புள்ளிகளை அனுப்பலாம். கெடு முடிந்ததும் மேலாளர் குறைந்த தொகைக்காரரிடம் ‘இன்னும் தயாரா?’ என்று கேட்கிறது. தயார் என்றால் அந்த நொடியில்தான் வண்டி கட்டுப்படுகிறது. இல்லை என்றால் மேலாளர் பட்டியலில் அடுத்தவரிடம் போகிறது. என் அமைப்பில் அதை எழுத வண்டிப் பக்கம் ஒரு பூட்டு மாறியும், மேலாளர் பக்கம் வரிசைப்படுத்திய பட்டியலைச் சுற்றி ஒரு சுழற்சியும் போதுமாக இருந்தன. இரட்டை ஒப்புதல் முற்றிலும் நின்றது; வண்டிகள் வீணாகக் காத்திருப்பதும் நின்றது. ஆனால் யார் முதலில் உறுதி கேட்கிறார் என்பதைப் பொறுத்து 6, 12 என்ற ஆட்டம் அப்படியே இருக்கிறது. வாக்கைக் காப்பாற்ற இந்த நெறிமுறை உதவுகிறது; நல்ல பங்கீட்டைக் கண்டுபிடித்துத் தருவது அதன் வேலையில் இல்லை. இந்த இரண்டையும் கலந்து பேசும் விளக்கங்களே அதிகம் என்பதால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நல்ல பங்கீடே வேண்டுமென்றால் விலை ஏற வேண்டும். டிமிட்ரி பெர்ட்செகாஸ் 1979இல் முன்வைத்த ஏல வழிமுறையில் ஒவ்வொரு பணிக்கும் ஒரு விலை உண்டு, தொடக்கத்தில் 0. வண்டி, செலவையும் விலையையும் சேர்த்துப் பார்த்து எது மலிவோ அதைக் கேட்கிறது. அடுத்த மலிவான வாய்ப்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தோடு ஒரு சிறு தொகையைக் கூட்டி விலையை ஏற்றுகிறது. மூன்று வண்டிக்கு இரண்டே பணிகள் என்பதால் ‘சும்மா நிற்றல்’ என்பதை 20 செலவுள்ள மூன்றாம் பணியாகச் சேர்த்தேன். சிறு தொகையை 0.25 என்று வைத்தேன். செலவுகள் முழு எண்களாக இருந்து, சிறு தொகை, ஒன்றை வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதைவிடக் குறைவாக இருந்தால், முடிவு மிகச் சிறந்த பங்கீடாகவே இருக்கும் என்பது நிறுவப்பட்ட ஒன்று.

ஓடவிட்டபோது பதிவேட்டில் வந்தது இதுதான். அ வண்டி முதல் பணியை 1.25 விலைக்குப் பிடித்தது. ஆ வண்டி இரண்டாம் பணியை 6.5க்குப் பிடித்தது. தொலைவில் 19இல் நிற்கும் இ வண்டிக்கு இப்போது முதல் பணி 17.25, இரண்டாம் பணி 17.5, சும்மா நிற்பது 20. ஆகவே, சாலையின் மறுகோடியிலிருந்து அது முதல் பணியைக் கேட்டு விலையை 1.75 ஆக்கி அ வண்டியை வெளியேற்றியது. அ வண்டி திரும்பி வந்து விலையை 7.75க்கு ஏற்றியது. இ வண்டி இரண்டாம் பணிக்குத் தாவி அதன் விலையை 9.25 ஆக்கியது, ஆ வண்டி 13 என்று பதில் கொடுத்தது. அதன்பிறகு இ வண்டிக்கு எல்லாப் பணியும் 20க்கு மேல் என்பதால் சும்மா நிற்பதைத் தேர்ந்தது. அ வண்டிக்கு முதல் பணி, ஆ வண்டிக்கு இரண்டாம் பணி, தூரம் 6. வண்டிகளின் வரிசையை மாற்றித் தொடங்கினாலும் பங்கீடு மாறவில்லை. எந்த வண்டிக்கும் மற்ற வண்டிகள் நிற்கும் இடம் தெரியாது. விலைகள் மட்டுமே தெரியும். இதற்குக் கொடுக்கும் விலை, எல்லாப் பணிகளும் ஒன்றாக முன்னால் இருக்க வேண்டும் என்பதும், பல சுற்றுச் செய்திகளும்தான். பணிகள் எப்போது வேண்டுமானாலும் வந்துகொண்டிருக்கும் இடத்தில் நான் உறுதிப்படுத்தல் நெறிமுறையையே தேர்வேன்.

வண்டிகள் எல்லாம் என்னுடையவை என்பதால், அவை தங்கள் செலவைக் கூட்டிச் சொல்லுமோ என்று நான் கவலைப்படத் தேவையில்லை. ஆலன் பாண்டும் லெஸ் காஸரும் 1988இல் இந்தத் துறையைத் தொகுத்தபோது, ஒரே சிக்கலைப் பிரித்துத் தீர்க்கும் பரவல் தீர்வுமுறை ஒரு பக்கம், தனித்தனி நோக்கமுள்ள முகவர்களின் ஒருங்கிணைப்பு மறுபக்கம் என்று பிரித்தது இந்த இடத்தில்தான் உறைக்கிறது. வண்டிகள் வெவ்வேறு உரிமையாளர்களுடையவை என்றால், 1961இல் வில்லியம் விக்ரி ஆராய்ந்த வழி வேண்டும்: முதல் பணியைக் குறைந்த தொகையான 2 சொன்ன அ வண்டிக்கே கொடுத்து, இரண்டாவது குறைந்த தொகையான 9ஐக் கூலியாகக் கொடுப்பது. தனிப் பணி ஒன்றில் அப்போது உண்மையைச் சொல்வதால் யாருக்கும் நட்டமில்லை.

கடைசியாக, செத்துப்போகும் வண்டிகள். இந்தச் சோதனைக்காக ஓர் அலகு ஓட 5 நொடி ஆகும்படி மெதுவாக்கி, ஏற்பு வந்த பிறகு ஒரு பலகையைச் சாகடித்துப் பார்த்தேன். எம்.க்யூ.டி.டி.யில் ‘கடைசி விருப்பச் செய்தி’ என்று ஒன்று உண்டு. இணைப்பு முறையாக முடியாமல் அறுந்தால், முன்பே எழுதிக் கொடுத்த அந்தச் செய்தியை, அதன் தலைப்பைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத் தரகு அனுப்பும். நிரலை மட்டும் கொன்றால் இயங்குதளம் இணைப்பை மூடிவிடுவதால் விருப்பச் செய்தி உடனே வருகிறது. மின்கம்பியைப் பிடுங்கினால் அப்படியன்று: துடிப்பு இடைவெளியின் ஒன்றரை மடங்கு நேரம் தரகு காத்திருக்கும். இடைவெளி 10 நொடி என்று வைத்திருந்ததால் 15 நொடிக்குப் பிறகே மேலாளருக்குச் சேதி தெரிந்தது. நிரலைக் கொன்று மட்டும் சோதித்துவிட்டு ‘தாங்குகிறது’ என்று எழுதும் பதிவுகளை நம்ப வேண்டாம்.

இதைவிடத் தந்திரமானது, வண்டி சாகாமல் வைஃபை மட்டும் போவது. மேலாளர் செத்துவிட்டதாக எண்ணிப் பணியை மறுபடி அறிவிக்கும். பழைய வண்டியோ தன் பணியில் மும்முரமாக ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே ஏற்பைக் குத்தகையாக மாற்றினேன். ஏற்பு 10 நொடிக்குத்தான் செல்லும். வண்டி 3 நொடிக்கு ஒருமுறை புதுப்பிப்புக் கேட்க வேண்டும். கேட்டு அனுப்பிய நொடியிலிருந்தே வண்டி தன் 10 நொடியை எண்ணுகிறது. பதில் வராமல் அது கடந்தால் தன் கடிகாரத்தைப் பார்த்துத் தானே நின்றுவிடும். மேலாளர் கடைசியாகப் புதுப்பித்ததிலிருந்து 15 நொடி கழித்தே மறுபடி அறிவிக்கும். இரு பக்கமும் ஓட்டக் கடிகாரம்தான் என்பதால், இடையில் விட்ட 5 நொடி தாராளம்.

தரகு நிரல் ஒன்று நடுவில் இருக்கும்போது இதைப் பரவலானது என்று சொல்லலாமா என்று கேட்கலாம். முடிவுகள் எதையும் தரகு எடுப்பதில்லை; ஆனால் அது விழுந்தால் எல்லாமே நின்றுவிடும். அழைப்பை, ஒரே செய்தி பலருக்கும் ஒருசேரப் போகும் பல்முனை ஒளிபரப்பாகவும் புள்ளிகளை நேரடி அஞ்சலாகவும் மாற்றித் தரகை நீக்கிப் பார்த்தேன். வைஃபையில் பல்முனைச் செய்திகளுக்குப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் கிடையாது, தவறினால் மறுபடி அனுப்புவதும் கிடையாது. அறிவிப்பைக் கேட்காமலே போகும் வண்டிகள் ஏலத்தில் இல்லாததால், தொலைவிலுள்ள வண்டிக்குப் பணி போவது அடிக்கடி நடந்தது. கம்பி வலையமைப்பில் இது சரிவரும். வைஃபையில் இருக்கும்வரை மாஸ்கிட்டோவையே வைத்துக்கொண்டு, அது மறுபடி எழும்போது வண்டிகள் தங்கள் குத்தகை நிலையை முதல் செய்தியாகச் சொல்ல வேண்டும் என்ற விதியை மட்டும் சேர்த்திருக்கிறேன்.